கத்திக்கு மூன்று மில்லிமீட்டர் விடுங்கள்

கேள்வி: காரைக்குடியில் எங்கள் பூர்விக வீட்டின் ஒரு பகுதியை விருந்தினர் தங்கும் இடமாக நடத்துகிறோம். விசிட்டிங் கார்டு 1000-உம், வீட்டுப் படங்களை வைத்து ஆறு வகை அஞ்சலட்டைகளும் வேண்டியிருந்தன. கேன்வாவில் நானே வடிவமைத்து அச்சகத்துக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். வந்ததைப் பார்த்து அழாத குறை. கார்டைச் சுற்றி, எங்கள் வீட்டுத் தளத்தில் உள்ள ஆத்தங்குடிப் பூக்கல் மாதிரி போட்டிருந்த பார்டர் ஒரு பக்கம் தடிமன், எதிர்ப்பக்கம் நூலாக இருக்கிறது. நீலம் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. முகவரி எழுத்து கலங்கித் தெரிகிறது. அஞ்சலட்டையில் 'செட்டிநாட்டு வீடு' என்ற தலைப்பில் கொம்பு தனியாகக் கழன்று நிற்கிறது. அட்டையின் பின்புறம் பேனா மை காயவே இல்லை, கை பட்டால் இழுக்கிறது. அச்சகத்தில் கேட்டால், 'நீங்க குடுத்த ஃபைல் அப்படிம்மா' என்கிறார்கள். தவறு யாருடையது? அடுத்த முறை ஃபைலை எப்படித் தயார் செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய கார்டுகளும் இரண்டு அஞ்சலட்டைகளும் என் மேசையில் இருக்கின்றன. ஃபைலையும் திறந்து பார்த்துவிட்டேன். சிவகாசியில், ப்ளேட் (அச்சுத் தகடு) போடுவதற்கு முன் ஃபைல் சரிபார்க்கும் வேலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். உங்களுக்கு வந்த ஐந்து கோளாறுகளும் வாரம் தவறாமல் என் கைக்கு வருபவைதான். ஆகவே உங்களைக் குறைசொல்லிக்கொள்ள வேண்டாம். கணினித் திரையில் பார்க்கும்போது இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது.

தவறு யாருடையது என்று நேராகக் கேட்டிருக்கிறீர்கள், நேராகவே சொல்கிறேன். பார்டர், நிறம், கறுப்பு எழுத்து மூன்றும் ஃபைலிலேயே இருந்த கோளாறுகள். எழுத்து உடைந்தது அச்சகத்தின் தவறு. உங்கள் ஃபைலில் 'செட்டிநாட்டு வீடு' சரியாகவே இருக்கிறது. அவர்கள் கணினியில் திறந்தபோதுதான் உடைந்திருக்கிறது. தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் ப்ளேட்டுக்குப் போகுமுன் அதைப் பார்த்திருந்தால் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும். ஒரு போன் செய்திருக்கலாம். அந்த ஒரு வகை அட்டையை மட்டும் திரும்ப அடித்துத் தரச் சொல்லிக் கேட்பது உங்கள் நியாயம். பின்புறம் மை காயாதது, காகிதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்காததால் வந்தது.

பார்டரிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் உங்களை அதிகம் வருத்தியிருக்கிறது.

அச்சடித்து, லேமினேஷன் போட்டு முடிந்ததும் ஷீட்டுகளைக் கட்டாக அடுக்கிக் கட்டிங் மிஷினில் வைப்போம். மேலிருந்து ஓர் அழுத்துகட்டை இறங்கிக் கட்டை இறுக்கிப் பிடிக்கும், பிறகு கத்தி இறங்கும். சில நூறு அட்டைகளை ஒரே வெட்டில் அறுக்கும் கத்தி அது. அழுத்தத்தில் கட்டு லேசாக நகரும், மேலே இருக்கும் ஷீட்டுக்கும் அடியில் இருக்கும் ஷீட்டுக்கும் வெட்டு விழும் இடம் மயிரிழை மாறும். அச்சு மிஷினில் தாள் போகும்போதும் சிறிது விலகல் உண்டு. எல்லாம் சேர்ந்து அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை விலகலாம். எவ்வளவு நல்ல அச்சகமானாலும் இதை அடியோடு ஒழிக்க முடியாது.

இனி உங்கள் கார்டை எடுத்துக்கொள்வோம். பார்டர் விளிம்பை ஒட்டி, 1.5 மி.மீ. அகலத்தில் இருக்கிறது. வெட்டு முக்கால் மில்லிமீட்டர் தள்ளி விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 0.75 மி.மீ., எதிர்ப்பக்கம் 2.25 மி.மீ. ஒன்று மற்றதைவிட மூன்று மடங்கு தடிமன். ஸ்கேல் வைத்து அளந்தேன், உங்கள் கார்டில் ஏறக்குறைய இதே கணக்குதான் வருகிறது. அதே பார்டர் விளிம்பிலிருந்து 6 மி.மீ. உள்ளே தள்ளி நின்றிருந்தால், வெளியே விட்ட வெள்ளை ஒரு பக்கம் ஐந்தேகால், எதிர்ப்பக்கம் ஆறேமுக்கால் என்று வந்திருக்கும். யார் கண்ணுக்கும் அது தெரியாது. விலகல் அதேதான். அதைத் தாங்கும் இடத்தில் கோடு இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

ஆகவே பூக்கல் பார்டருக்கு இரண்டு வழி. 6 மி.மீ. உள்ளே கொண்டுவாருங்கள். அல்லது பார்டர் என்ற எண்ணத்தையே விட்டு, பூக்கல் கோலத்தைக் கார்டின் ஒரு பக்கம் முழுக்கப் பரப்பி நான்கு ஓரத்திலும் வெளியே ஓடவிடுங்கள். நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் செய்வேன். உங்கள் வீட்டுத் தளமே அப்படித்தானே, சுவரில் போய் முட்டும்வரை ஓடுகிறது.

வெளியே ஓடவிடுவது என்றால் வெட்டுக்கோட்டையும் தாண்டி ஓட வேண்டும். இதைத்தான் நாங்கள் ப்ளீட் என்கிறோம். நிறமோ படமோ ஓரம்வரை போகுமானால் நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக வரைந்து தர வேண்டும். அது வெட்டுப்பட்டுக் குப்பைக்குப் போகும், போகட்டும். ப்ளீட் இல்லாத ஃபைலில் கத்தி கொஞ்சம் வெளியே விழுந்தாலும் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரிந்துவிடும். அதேபோல் உள்பக்கமும் 4 மி.மீ. இடத்தில் எழுத்தோ லோகோவோ வேண்டாம். உங்கள் கார்டில் மின்னஞ்சலின் கடைசி எழுத்து ஓரத்தில் உரசிக்கொண்டு நிற்பது அந்த இடம் விடாததால்தான்.

அளவுகளைக் கணக்குப் போட்டே தருகிறேன். நம் ஊரில் அதிகம் புழங்கும் விசிட்டிங் கார்டு மூன்றரைக்கு இரண்டு அங்குலம், அதாவது 89 × 51 மி.மீ. ப்ளீட் சேர்த்தால் 95 × 57 மி.மீ. சில அச்சகங்களின் அளவு இதிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் மாறும், ஆகவே வரையத் தொடங்கும் முன் அவர்களிடம் டெம்ப்ளேட் கேட்டு வாங்கிவிடுங்கள். உங்கள் அஞ்சலட்டை ஏ6, 148 × 105 மி.மீ. ப்ளீட் சேர்த்து 154 × 111. கேன்வாவில் அளவைப் பிக்சலில் கொடுக்காமல் மில்லிமீட்டரில் கொடுங்கள். பதிவிறக்கும்போது 'பிடிஎஃப் பிரிண்ட்' வகையைத் தேர்ந்து, ப்ளீட்டும் வெட்டுக்குறியும் வேண்டும் என்ற பெட்டியில் டிக் போடுங்கள். கேன்வாவில் ப்ளீட் அதுவாகவே வெளியே சேரும், ஆகவே அங்கே வெட்டிய பிறகு வரும் அளவைத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் படத்தை நீங்கள்தான் ப்ளீட் கோடுவரை இழுத்து விட்டிருக்க வேண்டும். டிக் போட்டாலே படம் தானாக நீளாது.

படங்களின் கூர்மைக்கு வருகிறேன். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது கையில் பிடித்துப் பார்க்கும் அச்சுக்கான வழக்கமான அளவு. ப்ளீட் சேர்த்த ஏ6 அட்டைக்கு 1819 × 1311 பிக்சல் தேவை. இன்றைய போன் கேமரா எதுவும் இதைவிடப் பல மடங்கு எடுக்கும். உங்கள் ஆறு படங்களில் ஐந்து நன்றாக இருக்கின்றன. முற்றத்துத் தூண்கள் படம் மிக அழகு. கிணற்றடி படம் மட்டும் 960 பிக்சல் அகலம்தான் இருக்கிறது, அங்குலத்துக்கு 160-க்கும் குறைவு. யாரோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பியது என்று நினைக்கிறேன். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். எடுத்தவரிடம் மூலப்படத்தைக் கேட்டு வாங்குங்கள், 'டாக்குமென்ட்' என்று அனுப்பச் சொல்லுங்கள். மென்பொருளில் 160-ஐ 300 என்று மாற்றிப் போடுவதால் இல்லாத விவரம் வந்துவிடாது, மங்கல்தான் பெரிதாகும்.

நிறம் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி.

திரை ஒளியால் ஆனது: சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று விளக்குகள். இதை ஆர்ஜிபி என்கிறோம். அச்சு மையால் ஆனது: சியான் (பச்சை சாய்ந்த நீலம்), மெஜந்தா (ஊதா சாய்ந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு. இது சிஎம்ஒய்கே. வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை மை விழுங்கிக்கொள்ள, மிச்சம்தான் நம் கண்ணுக்கு வருகிறது. விளக்குக் காட்டும் பளிச்சென்ற நீலமும் கிளிப்பச்சையும் இந்த நான்கு மையால் எட்ட முடியாதவை. உங்கள் ஃபைல் முழுதும் ஆர்ஜிபி. ப்ளேட் போடும்போது மிஷின் தானாக மாற்றியிருக்கிறது. மாற்றிய பிறகு அந்த நீலத்தின் மை அளவுகளைச் சதவீதத்தில் பார்த்தேன்: சியான் 88, மெஜந்தா 77. நீலத்தில் மெஜந்தா சியானை நெருங்கிவிட்டால் தாளில் ஊதாவாகத்தான் விழும், இதைத் தடுக்க யாராலும் முடியாது. மெஜந்தா எப்போதும் சியானைவிட 30-க்குக் குறையாமல் கீழே இருக்க வேண்டும் என்று எங்களிடம் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்போம். உங்கள் பூக்கல் நீலத்துக்குச் சியான் 100, மெஜந்தா 60, மஞ்சள் 0, கறுப்பு 10 என்று தொடங்கிப் பாருங்கள்.

இங்கே உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, பலருக்கு அது கிடையாது. ஆத்தங்குடிக் கல்லில் இருக்கும் நீலமும் விளக்கு நீலம் அல்ல, கண்ணாடிமேல் அச்சுச் சட்டத்தில் ஊற்றிய சிமென்டில் கலந்த சாயம்தான். போன் திரைதான் அதைப் பளபளப்பாக்கிக் காட்டியிருக்கிறது. மையில் வரும் நீலம் திரையைவிடக் கல்லுக்கு நெருக்கமாகவே இருக்கும். ஆகவே அச்சு மாதிரியைத் திரையோடு ஒப்பிடாதீர்கள், கல்லோடு ஒப்பிடுங்கள்.

'கொஞ்சம் மெஜந்தாவைக் குறைத்து அடித்திருக்கக் கூடாதா' என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். தனியாக ஓடும் வேலையாக இருந்தால் செய்திருக்கலாம். ஆனால் 1000 கார்டை அந்த விலைக்குத் தர முடிவதே, பல பேருடைய கார்டுகளை ஒரே ஷீட்டில் பக்கம் பக்கமாக அடுக்கி ஒரே ஓட்டமாக அடிப்பதால்தான். உங்கள் கார்டுக்கு நேராக மேலேயும் கீழேயும் ஒரு நகைக்கடையின் கார்டோ ஒரு பள்ளியின் கார்டோ இருந்திருக்கும். அந்தத் தடத்தில் மையைக் குறைத்தால் அவர்களுடைய சிவப்பு வெளுத்துவிடும். நிறத்தைச் சரிசெய்ய வேண்டிய இடம் ஃபைல்தான், மிஷின் அல்ல. நிறம் உங்களுக்கு உயிர் என்றால் தனி ஓட்டம் கேளுங்கள், விலை கூடும். இன்னொன்று: மேட் (பளபளப்பில்லாத) லேமினேஷன் எல்லா நிறத்தையும் ஒரு படி அடக்கிக் காட்டும். கைக்கு இதமாக இருக்கும், ஆனால் ஏற்கெனவே இருண்ட படத்தில் இன்னும் இருள் சேரும். கூடத்துப் படத்தைச் சற்று வெளுப்பாக்கியே கொடுங்கள்.

முகவரி எழுத்து ஏன் கலங்கியது? உங்கள் கார்டை லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார்த்தேன். வெறுங்கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் 'தெரு' என்ற சொல்லில், கொம்பின் இடது ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு, வலது ஓரத்தில் நீலம். நான்கு மையும் சேர்ந்து அந்தக் கறுப்பை உண்டாக்கியிருக்கின்றன. ஆர்ஜிபி கறுப்பைத் தானாக மாற்றவிட்டால் சியான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்ற கணக்கில் வரும். நான்கு ப்ளேட்டும் நூலளவு பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்தான் எழுத்து கூர்மையாக இருக்கும். பெரிய தலைப்பில் அந்தப் பிசகு தெரியாது. 7 பாயின்ட் முகவரியில் எழுத்தின் சுழியே அடைபட்டுப்போகும். ஆகவே சின்ன எழுத்து எதுவானாலும் கறுப்பு 100, மற்ற மூன்றும் 0. ஒரே ப்ளேட், பிசகுவதற்கு இன்னொன்று இல்லை.

பரந்த கறுப்புப் பரப்புக்கு இது நேர்மாறு. கறுப்பு 100 மட்டும் போட்டால் கரும்பலகை போல வெளிறித் தெரியும். அதற்குச் சியான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 போடலாம். நான்கும் கூட்டி 300-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் மை காயாமல் மேலே வரும் தாளின் முதுகில் ஒட்டும்.

கேன்வாவின் இலவசக் கணக்கில் சிஎம்ஒய்கே கிடையாது, கட்டணக் கணக்கில் உண்டு. அதற்காகப் பணம் கட்டத்தான் வேண்டும் என்று சொல்ல மாட்டேன். வடிவமைப்பைக் கேன்வாவில் முடித்துக்கொண்டு, அச்சகத்தின் டிசைனரிடம் 'சின்ன எழுத்தெல்லாம் தனிக் கறுப்பு, நீலத்துக்கு இந்த எண்கள்' என்று எழுதிக் கொடுங்கள். கார்டு ஒன்றுக்குப் பத்து நிமிட வேலை. நீங்களே செய்ய ஆசை என்றால் ஸ்க்ரைபஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் புதிய பதிப்புகள் தமிழையும் சிஎம்ஒய்கேயையும் ஒழுங்காகக் கையாள்கின்றன.

இனி, என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி. தமிழ் எழுத்து.

'செ' என்று நாம் எழுதும்போது கொம்பு முதலில், ச பிறகு. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடில் சேமிக்கும்போது ச முதலில், கொம்பு பிறகு. திரையில் காட்டும்போது மென்பொருள் அதைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டும். 'கொ', 'கோ' என்றால் ஒரே குறியை இரண்டாகப் பிளந்து எழுத்துக்கு முன்னும் பின்னும் நிறுத்த வேண்டும். ஆங்கிலத்துக்கு மட்டும் பழகிய மென்பொருளுக்கு இந்த வேலை தெரியாது. அது சேமித்த வரிசையிலேயே காட்டிவிடும்: ச, அதன்பின் புள்ளி வட்டத்தோடு அனாதையாக ஒரு கொம்பு. உங்கள் அட்டையில் நடந்தது இதுதான். உங்கள் பிடிஎஃப்பை அச்சகத்தில் கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் திறந்திருக்கிறார்கள். எழுத்தை எழுத்தாகவே உள்ளே இழுத்திருக்கிறார்கள். நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு அவர்களிடம் இல்லை, வேறு ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு மருந்து, எழுத்தைக் கோட்டு ஓவியமாக மாற்றுவது. கோரலில் 'கன்வர்ட் டு கர்வ்ஸ்', இல்லஸ்ட்ரேட்டரில் 'கிரியேட் அவுட்லைன்ஸ்'. மாற்றிவிட்டால் அது எழுத்து அல்ல, வரைந்த உருவம். எந்த ஊர்க் கணினியில் திறந்தாலும் கலையாது. ஆனால் மாற்றுவதற்கு முன் ஒரு பிரதியை எழுத்தாகவே வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு போன் எண் மாறினால் கர்வ்ஸில் தட்டித் திருத்த முடியாது. கேன்வாவில் இந்த வசதி இல்லாததால், அச்சகத்தில் ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: 'பிடிஎஃப்பை இம்போர்ட் செய்யும்போது டெக்ஸ்ட்டை கர்வ்ஸாக எடுங்கள்.' கோரல் அந்த இடத்தில் டெக்ஸ்டா கர்வ்ஸா என்று கேட்கும். கர்வ்ஸ் என்று தேர்ந்தெடுத்தால் போதும்.

அடோபி மென்பொருள்களில் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் உதவும். இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரையும், இல்லஸ்ட்ரேட்டரில் விருப்பங்களில் 'இண்டிக்' தேர்வைத் திறந்து தெற்காசியக் கம்போசரையும் எடுத்துக்கொண்டால் தமிழ் உடையாது. மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்துப் பலர் எழுத்தைப் படமாக மாற்றி ஒட்டுகிறார்கள், அது வேண்டாம்.

இன்னும் சில அச்சகங்களில் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் திரும்பத் தட்டச்சு செய்வார்கள். அதில் வளைவுகள் அழகான எழுத்துருக்கள் நிறைய உண்டு, அதனால் அவர்கள் விடுவதில்லை, அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் திரும்பத் தட்டினால் பிழை புகும். உங்கள் ஃபைலோடு மட்டும் ஒப்பிடாமல், வந்த ப்ரூஃபை (அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் பிரதியை) ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படியுங்கள். 'ஸ்ரீ', 'க்ஷ', றகர ரகரம், ஒற்று இந்த நான்கிலும்தான் பிழை அதிகம் வரும். எழுத்தின் அளவும் கவனிக்க வேண்டியது. ஆங்கிலத்துக்கு 6 பாயின்ட் தாங்கும். தமிழுக்கு 7.5-க்குக் கீழே போகாதீர்கள், 8 நல்லது. ணை, ஞ, இ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் வெள்ளை நிற்க இடம் வேண்டும். இருண்ட பரப்பில் வெள்ளை எழுத்தாக வருமானால் இன்னும் ஒரு பாயின்ட் கூட்டி, தடித்த எழுத்தாக வையுங்கள். சுற்றியுள்ள மை உள்ளே படர்ந்து மெல்லிய கோட்டை விழுங்கிவிடும்.

அஞ்சலட்டையின் முதுகு. உங்களுக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆர்ட் கார்டில் இரு பக்கமும் லேமினேஷன் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், விசிட்டிங் கார்டுக்குப் போடுவதைப் போலவே. அது பிளாஸ்டிக் படலம். மை எங்கே போய் ஊறும்? தபால் நிலைய முத்திரையும் அதில் நிற்காது, அடுத்த கடிதத்தில் போய் ஒட்டும். 1879-இல் கால் அணாவுக்கு நம் நாட்டில் அஞ்சலட்டை வந்த காலம் தொட்டு அது எழுதுவதற்கான அட்டை. விருந்தினர் உங்கள் திண்ணையில் உட்கார்ந்து நான்கு வரி எழுத வேண்டுமானால் முதுகு வெறும் காகிதமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பளபளப்புப் பூச்சுள்ள அட்டை காகிதக் கடைகளில் கிடைக்கும். 'படம் வரும் பக்கம் மட்டும் லேமினேஷன், பின்பக்கம் பூச்சில்லாமல், பேனாவில் எழுதுகிற மாதிரி' என்று ஆர்டரில் எழுதியே கொடுங்கள். அச்சடிக்கும் முன் அந்த அட்டையில் ஒரு துண்டு வாங்கி, ஜெல் பேனாவால் எழுதி, பத்து எண்ணிவிட்டு விரலால் தேய்த்துப் பாருங்கள்.

பின்பக்கத்தில் உங்கள் கிணற்றடிப் படத்தை மெல்லிய சாயலாகப் பரப்பியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். வலது பாதி முகவரிக்கு, வெள்ளையாகவே இருக்கட்டும். மேல் வலது மூலையில் தபால்தலைக்கு இடம், அதைச் சுற்றி முத்திரை விழ இடம். பின்கோடுக்கு ஆறு கட்டம் போடுவது நல்ல பழக்கம். வெளிநாட்டு விருந்தினரும் இதை அனுப்பக்கூடும். அனைத்துலக அஞ்சல் விதிப்படி அஞ்சலட்டை 140 × 90 மி.மீ.க்குக் குறையாமலும் 235 × 120 மி.மீ.க்கு மிகாமலும் இருக்க வேண்டும், உங்கள் ஏ6 அதற்குள் அடங்கிவிடும். உள்நாட்டில், தபால் நிலையத்தில் விற்கும் அட்டையின் அளவு 14 × 9 செ.மீ. உங்களுடையது அதைவிடப் பெரியது என்பதால் எவ்வளவு மதிப்புக்குத் தபால்தலை ஒட்ட வேண்டும் என்று உங்கள் ஊர் தபால் நிலையத்தில் ஓர் அட்டையைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். விருந்தினருக்குச் சொல்ல அது உதவும்.

முற்றத்துத் தூண் அட்டை நிமிர்ந்த படம், அதன் பின்பக்கம் படுக்கை. இப்படி முன்னும் பின்னும் வேறு திசையானால் எந்தப் பக்கம் தலை என்று ஃபைலிலேயே ஒரு வரி எழுதுங்கள்.

க்யூஆர் குறியைப் பார்த்தேன். நீல நிறத்தில், 12 மி.மீ. அளவில் இருக்கிறது. என் போனில் மூன்றாவது முயற்சியில்தான் திறந்தது. 20 மி.மீ. ஆக்குங்கள், தனிக் கறுப்பில் போடுங்கள், சுற்றிலும் அதன் நான்கு கட்டம் அகலத்துக்கு வெள்ளை விடுங்கள்.

அனுப்பும் முறை பற்றி. பிடிஎஃப்பாகத்தான் அனுப்ப வேண்டும், ஜேபெக்காக வேண்டாம். அச்சுக்கென்று வகுத்த பிடிஎஃப் எக்ஸ்-1ஏ, பிடிஎஃப் எக்ஸ்-4 என்ற வகைகள் உண்டு. உங்கள் அச்சகம் எதைக் கேட்கிறதோ அதைக் கொடுங்கள். கேன்வாவிலிருந்து இவை வராது, சாதாரண பிடிஎஃப் போதும். மின்னஞ்சலிலோ டிரைவ் இணைப்பாகவோ அனுப்புங்கள். ஃபைல் பெயரில் வேலை, அளவு, பக்கம், தேதி இருக்கட்டும். நீங்கள் அனுப்பியதில் 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் கடைசி' என்று மூன்று இருந்தன. எது உண்மையான ஃபைனல் என்று எனக்கே குழப்பமாக இருந்தது.

அனுப்புவதற்கு முந்தைய நாள், வீட்டு பிரிண்டரில் நூறு சதவீத அளவில் ஒரு பிரதி எடுங்கள். 'ஃபிட் டு பேஜ்' போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அளவு மாறிவிடும். வெட்டுக்குறியில் கத்தரியால் வெட்டி, பர்ஸில் வைத்து ஒரு நாள் வைத்திருங்கள். பிறகு அந்தத் துண்டைப் பார்த்தே போன் எண்ணை அழுத்தி அழையுங்கள். நினைவிலிருந்து அழுத்தக் கூடாது, காகிதத்தைப் பார்த்து அழுத்த வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, ஒரு மருத்துவரின் கார்டு 2000 அடித்து, கட்டி, பார்சலும் போட்டுவிட்டோம். எண்ணில் 6-உம் 9-உம் இடம் மாறியிருந்தது. நானும் பார்த்தேன், அவர் வீட்டிலும் பார்த்தார்கள், ப்ரூஃபில் கையெழுத்தும் போட்டார்கள். எல்லாரும் கண்ணால் படித்தோமே தவிர யாரும் அழைத்துப் பார்க்கவில்லை. ஊரில் வேறு யாரோ ஒருவருக்கு நள்ளிரவில் அழைப்பு வந்த பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து என் மேசையைத் தாண்டும் ஒவ்வொரு கார்டின் எண்ணையும் நான் அழைத்துப் பார்க்கிறேன்.

அடுத்த முறை 1000-க்கு நேராகப் போகாதீர்கள். திருத்திய ஃபைலை முதலில் ப்ளேட் இல்லாமல் அடிக்கும் டிஜிட்டலில், கார்டு 100, அட்டை வகைக்கு 25 என்று எடுங்கள். ஒரு கார்டுக்கு விலை கூடத்தான் வரும், ஆனால் பிழை இருந்தால் 100-ஓடு போகும். டிஜிட்டலில் வரும் நிறமும், ப்ளேட் போட்டு அடிக்கும் ஆஃப்செட்டில் வரும் நிறமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது, சற்று மாறும். அதனால் உங்களுக்குப் பிடித்து வந்த ஒன்றில் கையெழுத்துப் போட்டு, 'இதற்கு நெருக்கமாக' என்று அச்சகத்தில் கொடுத்து வையுங்கள்.

கையில் இருக்கும் 1000 கார்டில் மின்னஞ்சல் ஓரத்தில் உரசுகிறதே தவிர வெட்டுப்படவில்லை, எண்ணும் சரியாக இருக்கிறது. நானும் அழைத்துப் பார்த்தேன், நீங்கள்தான் எடுத்தீர்கள். ஆகவே அவற்றைக் கடைகளுக்கும் டாக்ஸி ஓட்டுநர்களுக்கும் தாராளமாகக் கொடுங்கள். கொம்பு கழன்ற அட்டையை மட்டும் யாருக்கும் தர வேண்டாம்.

புது மாதிரி வந்ததும் டியூப்லைட்டில் பார்க்காதீர்கள். காலை பத்து, பதினோரு மணிக்கு முற்றத்தில் வெயில் நேராக விழாத ஓரமாக, நீலப் பூக்கல் பக்கத்தில் கார்டை வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துவந்தால் 1000-க்குச் சொல்லிவிடலாம்.